வினாத்தாள்கள் பல செய்தும் புள்ளி ஏறவில்லையே: உயர்தர மீட்டலை எங்கிருந்து தொடங்குவது?

மூதூரிலிருந்து உயர்தர உயிரியல் விஞ்ஞானப் பிரிவு மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். தரம் 12, 13 பாடக்குறிப்புகளை ஒருமுறை முழுவதும் படித்து, 10 ஆண்டுகளின் கடந்தகால வினாத்தாள்களைச் செய்த பின்னரும், பௌதிகவியலிலும் இரசாயனவியலிலும் பல்தேர்வு வினாக்களில் 50க்கு 27, 28 என்ற அளவிலேயே நிற்பதாகக் கூறுகிறார். எஞ்சியுள்ள மூன்று மாதங்களில் குறிப்புகளை மறுபடியும் முதலிலிருந்து படிப்பதா, இன்னும் பழைய வினாத்தாள்களைத் தேடிச் செய்வதா, திருகோணமலை நகரில் நடைபெறும் கருத்தரங்குகளுக்குப் போவதா என்பது அவரது கேள்வி.

முதல் இரண்டையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். நீங்கள் சொல்லும் கணக்கின்படி ஒரு பாடத்தில் மட்டும் பிழையான விடைகள் இருநூறைத் தாண்டும். அவற்றை எடுத்து, ஒவ்வொரு வினாவும் எந்தக் கருத்தைச் சோதித்தது என்று ஒரே வசனத்தில் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அலகின் பெயரை எழுதினால் போதாது. ‘நீர்நிலையியல்’ என்று எழுதினால் அந்த அலகு முழுவதையும் திரும்பப் படிக்கத்தான் தோன்றும். ‘மிதக்கும் பொருளில் மேலுதைப்பு அதன் நிறைக்குச் சமம்’ என்று எழுதினால் எதை மீட்டவேண்டும் என்பது அந்த வசனத்திலேயே இருக்கும். இருநூறு பிழைகளும் இருநூறு கருத்துகளாக இருக்கமாட்டா. ஒரே கருத்து வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு உடையில் வந்து உங்களைப் பலமுறை ஏமாற்றியிருப்பதைக் காண்பீர்கள். கருத்துப் பிழையல்லாத வெறும் கணிப்பு வழுக்களைத் தனியே ஒதுக்குங்கள். பௌதிகவியலில் கணிப்பான் அனுமதிக்கப்படாததால் அவையும் புள்ளியைத் தின்னும், ஆனால் அவற்றுக்கு மருந்து வேறு.

மேற்சொன்ன கருத்தையே எடுத்துக்கொள்வோம். 4100 கிலோகிராம் திணிவுடைய படகு ஒன்று கொட்டியாரக்குடாவிலிருந்து மகாவலி ஆற்றுக்குள் வருகிறது. கடல்நீரின் அடர்த்தி கன மீற்றருக்கு 1025 கிலோகிராம், ஆற்றுநீரின் அடர்த்தி 1000 கிலோகிராம் எனக் கொள்வோம். ஆற்றில் மேலுதைப்புக் குறையும் என்றே பலர் விடையளிப்பர், அடர்த்தி குறைந்தால் மேலுதைப்பும் குறையும் என்று மனம் பாய்ந்துவிடுவதால். படகு இரண்டு நீரிலும் மிதக்கிறது. அதன் நிறை மாறவில்லை. ஆகவே மேலுதைப்பும் மாறாது. மாறுவது இடம்பெயர்க்கப்படும் நீரின் கனவளவு: கடலில் 4 கன மீற்றர், ஆற்றில் 4.1 கன மீற்றர். படகு சற்று ஆழமாக அமிழும், அவ்வளவுதான்.

இத்துடன் நிறுத்தினால் அது ஒரு வினாவுக்கான விடை மட்டுமே. நிபந்தனையை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். படகுக்குப் பதிலாக முழுவதும் அமிழ்ந்த கல் என்றால், கனவளவு மாறாதிருக்க அடர்த்தி மாறுவதால், ஆற்றில் மேலுதைப்பு உண்மையாகவே குறையும். தாங்கியொன்றில் மிதக்கும் சிறு படகிலிருந்த கல்லை நீருக்குள் போட்டால், முன்பு தன் நிறைக்குச் சமமான நீரை இடம்பெயர்த்த கல் இப்போது தன் கனவளவளவு நீரையே இடம்பெயர்ப்பதால், நீர்மட்டம் இறங்கும். அந்தத் தாங்கியை மேல்நோக்கி ஆர்முடுகும் உயர்த்தியில் வைத்தாலோ, தோற்ற நிறையும் மேலுதைப்பும் ஒரே விகிதத்தில் கூடுவதால் படகு அமிழும் ஆழம் மாறாது. இந்த நான்கையும் குறிப்பைப் பாராமல் வெற்றுத்தாளில் காரணத்துடன் எழுத முடிந்த பின்னரே அக்கருத்தைப் பட்டியலிலிருந்து வெட்டுங்கள்.

இரசாயனவியல் முதலாம் வினாத்தாளில் 41 முதல் 50 வரையுள்ள கூற்றுச் சோடிகள் இவ்வாறான அரைகுறை விளக்கத்தையே குறிவைப்பவை. அமோனியாச் சமநிலைத் தொகுதியில் ஊக்கி சேர்த்தால் சமநிலை விரைவில் எய்தப்படும் என்பது சரி. சமநிலை மாறிலி கூடும் என்பது தவறு, ஏனெனில் அதனை மாற்றுவது வெப்பநிலை மட்டுமே. அதே தொகுதிக்குள் ஆகன் வாயுவைச் செலுத்தினால் என்ன நடக்கும் என்று கேட்டால், கனவளவு மாறிலியா, அமுக்கம் மாறிலியா என்று முதலில் பார்க்கவேண்டும். கனவளவு மாறாவிடின் பகுதியமுக்கங்கள் மாறா, சமநிலையும் நகராது. அமுக்கம் மாறாதிருக்கக் கனவளவு கூடினால் பகுதியமுக்கங்கள் குறைந்து, மூல்கள் கூடிய பக்கத்துக்கு, அதாவது அமோனியா கூட்டப்பிரிகை அடையும் பக்கத்துக்கு, சமநிலை நகரும்.

பௌதிகவியலின் அமைப்புக் கட்டுரை வினாக்களில் செய்முறைக்கே முதலிடம் என்பதால், பரிசோதனைகளைப் படிமுறை படிமுறையாக மனனம் செய்வதை விடுத்து, ஒவ்வொரு படிக்கும் ‘ஏன்?’ என்று கேளுங்கள். பனிக்கட்டியின் உருகல் மறைவெப்பத்தைத் துணிகையில் நீரை அறை வெப்பநிலைக்குச் சற்று மேலே தொடங்கி ஏறத்தாழ அதே அளவு கீழே முடிப்பது, முற்பாதியில் சூழலுக்கு இழந்த வெப்பத்தைப் பிற்பாதியில் பெறும் வெப்பத்தால் ஈடுசெய்யவே. ஆயினும் பனிபடுநிலைக்கு, அதாவது காற்றிலுள்ள நீராவி ஒடுங்கத் தொடங்கும் வெப்பநிலைக்கு, கீழே போகக்கூடாது. கடற்காற்றில் ஈரம் மிகுந்த எங்கள் மாவட்டத்தில் பனிபடுநிலை அறை வெப்பநிலையிலிருந்து சில பாகைகளே கீழிருக்கும் நாட்கள் பல என்பதால், இது வெறும் ஏட்டு எச்சரிக்கையன்று. கலோரிமானியின் வெளிப்புறத்தில் பனி படிந்தால், ஒடுங்கும் நீராவி வெப்பத்தைக் கொடுத்து இறுதி வெப்பநிலையை உயர்த்திவிடும். கணிக்கப்படும் மறைவெப்பம் உண்மைப் பெறுமானத்திலும் குறையும். பனிக்கட்டியை ஒற்றுத்தாளால் துடைக்காவிடினும் விடை அதே திசையில் பிழைக்கும். காரணம் மட்டும் வேறு.

எந்த அலகுக்கு எத்தனை நாள் என்று திட்டமிடத் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியைப் பாருங்கள். ஒவ்வொரு அலகுக்கும் ஒதுக்கப்பட்ட பாடவேளைகளும் கற்றற் பேறுகளும் அதில் உள்ளன. உங்கள் விடைகளைத் தனியார் விடைப்புத்தகங்களுடன் அல்லாமல், பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளித்திட்டத்துடன் ஒப்பிடுங்கள். எந்தச் சொல்லுக்குப் புள்ளி, எந்த அளவீட்டு அலகைத் தவறவிட்டால் இழப்பு என்பது அதில்தான் தெரியும். உயிரியலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அங்கு நினைவிலிருந்து வரிப்படம் வரைந்து பெயரிடுவதே பாதி மீட்டல்.

கருத்தரங்குகளைப் பொறுத்தவரை, ஊகவினாக்களை நம்பிக் கிண்ணியாப் பாலம் கடந்து போய் ஒரு முழு நாளைச் செலவிடுவது இந்த மூன்று மாதக் கணக்கில் கட்டுப்படியாகாது என்பதே என் கருத்து. உங்கள் பட்டியலில் வெட்டப்படாமல் நிற்கும் அலகு ஒன்று மட்டுமே அங்கு எடுக்கப்படுகிறது என்றால் போகலாம். விளங்காத கருத்துகளை எழுதி எடுத்துச் சென்று இடைவேளையில் கேளுங்கள். மற்ற வாரங்களில் அதே கொப்பியைப் பாடசாலை ஆசிரியரிடம் காட்டினால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். பட்டியல் பாதிக்குமேல் வெட்டப்பட்ட பிறகு, இதுவரை செய்யாத ஒரு வினாத்தாளை எடுத்து இரண்டு மணித்தியாலம் கடிகாரம் வைத்து, இடையில் எழும்பாமல் செய்து பாருங்கள்.