அடைப்புக்குறிக்குள் ஒரு பிடி அரிசி

கேள்வி: எனக்கு வயது 38. ராத்திரி பதினொரு மணிக்கு மேல், எல்லாரும் தூங்கியதும், இனிப்பைத் தேடி அடுப்படியில் அலைகிறேன். பிள்ளைகளுக்கு வாங்கி வைத்த மைசூர்பாகு, அது இல்லாவிட்டால் வெல்லக்கட்டி, அதுவும் இல்லாவிட்டால் வெறும் சீனி. எடை 74 கிலோ. காலைச் சாப்பாட்டை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது, டீ மட்டும்தான். அப்படியும் குறையவில்லை. "உனக்கு வாயைக் கட்டத் தெரியலை" என்கிறார் கணவர். மாமியாருக்குச் சர்க்கரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானே லேபுக்குக் கூட்டிப்போகிறேன். 9.1 இருந்த ஹெச்பிஏ1சி-யை (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 7.2-க்குக் கொண்டுவந்திருக்கிறேன். அவருடைய சாப்பாட்டைக் கட்டுப்படுத்தத் தெரிந்த எனக்கு என் நாக்கைக் கட்டுப்படுத்த முடியவில்லை. (அரிசி களையும்போது ஒரு பிடி பச்சையாக மெல்லும் பழக்கமும் உண்டு. என்னைப் பார்த்து 14 வயது மகளும் மெல்லுகிறாள். அது சும்மா.) மன உறுதி வர என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், நாமக்கல்

பதில்:

சும்மாவா? ஏம்மா, மைசூர்பாகுக்கும் சீனிக்கும் அத்தனை வரி எழுதிவிட்டு, சொல்ல வேண்டிய விஷயத்தை அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்களே!

பச்சை அரிசி, விபூதி, சாக்பீஸ், சாம்பல், செங்கல் தூள், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஐஸ் கட்டி. இதையெல்லாம் தின்கிறேன் என்று எழுதும் பெண்கள் எனக்குப் புதிதில்லை. எல்லாரும் கடைசி வரியில்தான் எழுதுவார்கள், பாதி வெட்கமும் பாதி சிரிப்புமாக. டாக்டர்கள் இதை 'பைக்கா' என்பார்கள். இரும்புச்சத்து குறைந்த பெண்களிடம் இது அடிக்கடி தென்படுகிறது. சரியான அளவில் இரும்பு மாத்திரை எடுக்க ஆரம்பித்தால், ஹீமோகுளோபின் முழுசாக ஏறுவதற்கு முன்பே பலருக்கு இந்த ஆசை தானாக விட்டுப்போகிறது. ஐஸ் பெட்டியைத் திறந்து திறந்து மென்றவர்கள் இரண்டு வாரத்தில் அதை மறந்தே போவார்கள். அதில் மன உறுதிக்கு என்ன வேலை?

அரிசி மெல்லுகிற எல்லாருக்கும் ரத்தசோகைதான் என்று நான் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்காமல் "சும்மா" என்று சொல்ல உங்களுக்கும் உரிமை இல்லை. 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேலானவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. உங்கள் தெருவில் ஒரு வீடு விட்டு ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கேள்வி. மாமியாரின் 9.1-ம் தெரிகிறது, 7.2-ம் தெரிகிறது. உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பிரசவத்தின்போதா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே லேபில் உட்கார்கிறீர்கள். அவர் கையில் ஊசி ஏறும்போது பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறீர்கள். ஒரு தடவையாவது உங்கள் கையை நீட்டியிருக்கிறீர்களா? மாமியாரைப் பார்த்துக்கொள்வது கடமை, அதில் எனக்கு வேறு கருத்தே கிடையாது. இத்தனை பொறுப்பாகச் செய்கிறவர் என்று உங்கள் மேல் மரியாதையும் வருகிறது. ஆனால் தன்னை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விடுவதைத் தியாகம் என்று மெச்சுகிற பழக்கம் எனக்கு இல்லை. அது அசட்டை. வீட்டில் ஒருவர் உடம்பை அசட்டை செய்தால், அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு ஜோடிக் கண்கள் பக்கத்திலேயே இருக்கும்.

உங்கள் வீட்டில் அந்தக் கண்களுக்கு வயது 14. மகள் உங்களைப் பார்த்துத்தான் மெல்லுகிறாள் என்று உங்களுக்கு யார் சொன்னது? வளர்கிற வயது, மாதாமாதம் ரத்தம் போகிற வயது. அவள் உடம்பிலும் இரும்பு தீர்ந்திருக்கலாம். படியேறினால் மூச்சு வாங்குகிறதா? படிக்க உட்கார்ந்தால் அசதியில் தூங்கிவிழுகிறாளா? கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், வெளுத்திருக்கிறதா? அரசுப் பள்ளி என்றால் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுப்பார்கள். அதை விழுங்குகிறாளா, ஜன்னல் வழியாக எறிகிறாளா என்று கேட்டதுண்டா? இந்த இடத்தில் எனக்கு உங்கள் மேல் கோபமே வருகிறது. உங்கள் உடம்பை நீங்கள் அலட்சியப்படுத்தலாம். அந்தப் பெண்ணுடையதை அடைப்புக்குறிக்குள் போட உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?

அடுத்த தடவை லேபுக்கு மூன்று பேராகப் போங்கள். இல்லை, அடுத்த தடவை வரை ஏன், இந்த வாரமே போங்கள். உங்களுக்கும் மகளுக்கும் முழு ரத்த எண்ணிக்கை, கூடவே ஃபெரிட்டின். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. ஃபெரிட்டின் எதற்கு என்றால், அதுதான் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும்; ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே அந்தச் சேமிப்பு காலியாகியிருக்கலாம். தவிர, தலசீமியா என்கிற பரம்பரை ரத்தக் கோளாறு மாதிரி வேறு காரணத்தாலும் ஹீமோகுளோபின் குறையும், அதற்கு இரும்பைக் கொட்டிப் பயனில்லை. அதனால் மெடிக்கலில் நீங்களாக மாத்திரை வாங்க வேண்டாம். ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள். உங்களுக்கு மட்டும் தைராய்டும் சர்க்கரையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். மாதவிலக்கு ஏழு நாளைத் தாண்டுகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, மணிக்கொரு தடவை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பப்பையில் கட்டி இருந்து ரத்தம் போய்க்கொண்டே இருந்தால், எத்தனை மாத்திரை விழுங்கினாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

பேரீச்சம்பழம், பீட்ரூட், மாதுளை ஜூஸ் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். 100 கிராம் மாதுளையில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். அசைவம் உண்டென்றால் ஈரலும் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) சாப்பிடுங்கள், நம் பாட்டிமார் பிள்ளை பெற்றவளுக்குத் தேடி வாங்கிக் கொடுத்தது வீணாக இல்லை. கீரையும் பயறும் என்றால் கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ வேண்டும். சாப்பாட்டோடு டீ வேண்டவே வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். மாத்திரைக்கும் அதே விதிதான்: டீ, பால், கால்சியம் மாத்திரை எதனோடும் சேர்த்து விழுங்காதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். வயிற்றைப் பிரட்டினால் நிறுத்திவிடாமல் டாக்டரைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் அளவு சரியானபிறகும் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் போல எடுக்கச் சொல்வார்கள். அதற்குள் "சரியாப் போச்சு" என்று அட்டையைத் தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

மைசூர்பாகுக்கு வருகிறேன். இது பட்டினி. வேறு பெயர் இதற்கு வேண்டாம். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944–45-இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். எல்லாரும் கொள்கைப் பிடிப்புள்ளவர்கள், தாங்களாக முன்வந்தவர்கள். அவர்களுக்கு ராத்திரி பகல் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகம் படித்தார்கள், சமையல் குறிப்பு சேர்த்தார்கள், சிலர் திருட்டுத்தனமாகத் தின்று மாட்டிக்கொண்டார்கள். போருக்குப் போக மாட்டேன் என்று அரசாங்கத்தையே எதிர்த்து நின்றவர்களுக்கே அந்தக் கதி. காலையில் வெறும் டீயோடு வீட்டு வேலை அத்தனையும் செய்கிற நீங்கள் ராத்திரி பதினொரு மணிக்குச் சீனி டப்பாவைத் திறந்தால் அதிசயமா? எட்டரை மணிக்குள் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நாமக்கல்லில் இருந்துகொண்டு முட்டைக்கா பஞ்சம்? இனிப்பு வேண்டுமென்றால் சாயங்காலம் பிள்ளைகளோடு உட்கார்ந்து, ஒரு துண்டு, தட்டில் வைத்து. இருட்டில் நின்றபடி தின்றால் ஒன்றும் ஒன்பதும் ஒரே மாதிரிதான் தெரியும்.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரருக்கு. இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். ஐயா, உங்கள் மனைவி வயிற்றில் பிள்ளை இருந்தபோது "எதுக்கு வாய் கேக்குது, சொல்லு" என்று கேட்டு மாங்காயும் புளிச்சோறும் வாங்கி வந்தீர்கள்தானே? குழந்தை பிறந்த மறுநாளிலிருந்து அந்தக் கேள்வி ஏன் நின்றுபோயிற்று? உங்கள் அம்மாவின் சர்க்கரையை இறக்கியது உங்கள் மனைவி. அந்த அம்மாவுக்கு நீங்கள்தான் மகன். அடுத்த மூன்று தடவை அவரை லேபுக்குக் கூட்டிப்போவது உங்கள் பொறுப்பு. இந்த வாரம் மனைவியையும் மகளையும் கூட்டிப்போவதும்தான். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய டெஸ்ட் இருக்கும், காலை ஏழு மணிக்கே கிளம்புங்கள். முடிந்ததும் நேராக ஹோட்டலுக்குப் போய் இரண்டு பேருக்கும் டிபன் வாங்கிக் கொடுங்கள். வீட்டுக்கு வந்து சமைத்துச் சாப்பிடச் சொல்ல வேண்டாம்.

ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள் அம்மா. இரண்டு பேருடைய எண்ணும் வேண்டும், மகளுடையதை முதலில் எழுதுங்கள்.