தனித் தட்டு, தனி டம்ளர்: எச்.ஐ.வி பத்தி கேளுங்க, சொல்றேன்

எச்.ஐ.விக்கு மாத்திரை குடுக்குற ஏ.ஆர்.டி மையத்துல ஆலோசகரா இருக்கேன், நானும் மாத்திரை சாப்பிடுறவதான்.

கேள்வி: அக்கா, வீட்டுக்காரர் தவறிட்டார். மாமியார் தனித் தட்டு வெச்சாங்க, பாத்ரூமும் தனி, இப்ப வீட்டை விட்டே போன்னு சொல்றாங்க.

பதில்: போகாதீங்க தங்கச்சி. 2017ல போட்ட எச்.ஐ.வி சட்டம் 2018 செப்டம்பர்லருந்து அமல்ல இருக்கு, வீடு உங்க பேர்ல இல்லைன்னாலும் வாழ்ந்த வீட்லருந்து உங்களை வெளியேத்தக் கூடாது, வீட்ல உள்ள வசதியையும் பாகுபாடு இல்லாம நீங்க பயன்படுத்தலாம், அப்ப பாத்ரூமும் அடுப்படியும் உங்களுக்கும்தான். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல பொம்பளைங்களுக்கு வக்கீல் இலவசம். ஆனா சட்டத்தைக் காட்டினா மட்டும் மாமியார் மனசு மாறாது, நாத்தனாரோ கொழுந்தனோ யாராவது ஒருத்தர் காது கொடுத்தா, உங்களுக்கு சம்மதம்னா, மையத்துக்குக் கூட்டிட்டு வாங்க, டாக்டர் வாயால கேட்டா பயம் குறையுது, நிறைய வீட்ல பாத்திருக்கேன். மாத்திரையை மட்டும் விட்றாதீங்க.

கேள்வி: கொசு கடிச்சா பரவுமா?

பதில்: பரவாது.

கேள்வி: தனித் தட்டுல என்ன தப்பு? பாதுகாப்புக்குத்தானே, வீட்ல குழந்தைங்க இருக்காங்கல்ல?

பதில்: எதுலருந்து பாதுகாப்பு? எச்சில்ல, தட்டுல, சோப்புல பரவாது.

மறுபடி அவரே: ஒரு பர்சன்ட் சான்ஸ் இருந்தாலும்?

பதில்: ஒரு பர்சன்ட்டும் இல்லைங்க. மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டு வைரல் லோடு, அதாவது ஒரு மில்லி ரத்தத்துல இருக்குற வைரஸ் அளவு, தொடர்ந்து 200க்குக் கீழ இருந்தா உடலுறவுலயே பரவாதுன்னு ஆகிப்போச்சு, நீங்க டம்ளரைப் பிடிச்சுட்டு நிக்கிறீங்க. அந்தத் தட்டைப் பாத்துப் பாத்துத்தான் பலபேர் மாத்திரையை ஒளிச்சு வெக்கிறாங்க, அப்புறம் நேரம் தப்புது, அப்புறம் விட்டே போகுது. ஆளைக் கொல்றது அதுதான். உங்க வீட்டுத் தட்டை இன்னிக்கே ஒண்ணாப் போடுங்க.

கேள்வி: கல்யாண வீட்டுக்குப் போனேன், யாராச்சும் பாத்துருவாங்கன்னு நாலு நாள் போடலை.

பதில்: இன்னிக்கே ஆரம்பிங்க, விட்டதுக்கு சேத்து ரெண்டா போடாதீங்க, மையத்துல மறைக்காம சொல்லுங்க. அடுத்தவாட்டி ஊருக்குப் போற நாளுக்கு மட்டும் சின்ன டப்பாவுல எடுத்துக்கோங்க. யாராச்சும் கேட்டா வைட்டமின்னு சொல்லுங்க, தப்பே இல்ல.

கேள்வி: நாட்டு மருந்துல முழுசா குணமாகுமாமே?

பதில்: மூணாவது ஆள் கேக்குறீங்க. ஆகாது. நாம சாப்பிடுற இந்த ஏ.ஆர்.டி கூட்டு மருந்து 2004லருந்து அரசு மருத்துவமனையில இலவசம், அதை நிறுத்திட்டு காசு கொடுத்து சூரணம் வாங்காதீங்க.

கேள்வி: குழந்தை பெத்துக்கலாமா அக்கா?

பதில்: தாராளமா. மாத்திரையை விடாம சாப்பிடுங்க, பிரசவம் ஆஸ்பத்திரியில வெச்சுக்கோங்க, பொறந்ததும் பிள்ளைக்கு சிரப் குடுப்பாங்க, 18 மாசம் வரைக்கும் டெஸ்ட் இருக்கு, ஒண்ணையும் தவற விடாதீங்க.

கேள்வி: கால்சியம் மாத்திரையும் சேத்துப் போடலாமா?

பதில்: அதை டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. வேற சந்தேகத்துக்கு எச்.ஐ.வி உதவி எண் 1097க்குப் போன் பண்ணுங்க, இலவசம்தான்.