படகு கரையேறினால் பேட்டரியை என்ன செய்வது? – கேள்வி பதில்

சேலத்தில் இருபது வருடத்துக்கு மேல் பேட்டரி வேலை பார்க்கிறேன். கார், இன்வர்ட்டர் பேட்டரிகளோடு, ஏற்காட்டு எஸ்டேட் குளங்களில் ஓடும் சின்னப் படகுகளின் பேட்டரியும், காவிரிக்கரைப் படகுகளின் பேட்டரியும் என்னிடம் வரும். "மழைக்கு முன்னால் நன்றாகத்தான் இருந்தது" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். ஓடித் தேய்ந்த பேட்டரியைவிடச் சும்மா கிடந்து செத்த பேட்டரிதான் அதிகம் வருகிறது. அது எனக்குப் பெரிய வருத்தம். அதனால் கேட்டவர்களுக்கெல்லாம் இங்கே விரிவாகவே பதில் சொல்கிறேன்.

அண்ணா, ஏற்காட்டில் எங்கள் விடுதிக் குளத்தில் பேட்டரி மோட்டார் படகு ஒன்று இருக்கிறது. ஐப்பசி மழை பிடித்தால் தை வரை ஓட்ட மாட்டோம். 100 ஆம்பியர் ட்யூபுலர் பேட்டரி. வயரைக் கழற்றி வைத்தால் போதுமா?

போதாது. கழற்றுவதற்கு முன்னால் முழுசாக சார்ஜ் ஏற்றுங்கள். கடைசி நாள் சவாரி முடிந்து பாதி இறங்கிய பேட்டரியை அப்படியே ஷெட்டில் வைப்பதில்தான் தப்பு நடக்கிறது. சார்ஜ் இறங்கும்போது பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகடுகளில், அதாவது பிளேட்டில், ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் கெட்டியாகிவிடும், பிறகு எந்த சார்ஜருக்கும் அசையாது. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பிளேட் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான்.

100 ஆம்பியர் பேட்டரிக்கு 10 ஆம்பியர் சார்ஜ் சரி. பாதி இறங்கியிருந்தால் ஒரு ராத்திரி முழுக்கப் போடுங்கள். எடுத்தவுடன் வோல்ட் மீட்டர் வைக்காதீர்கள், அப்போது காட்டும் அளவு பொய். நாலைந்து மணி நேரம் கழித்துப் பார்த்தால் 12.6 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். அப்புறம் மாதம் ஒரு தடவை மீட்டர் வையுங்கள். 12.4க்குக் கீழே போனால் மறுபடி ஏற்றுங்கள். 12.2 என்றால் பாதி காலி.

உங்களுக்கு ஒரு வசதி உண்டு. சூடு 10 டிகிரி ஏறினால் பேட்டரி தானாக இறங்கும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 1500 மீட்டர் உயரத்தில் உங்கள் ஷெட் குளுகுளுவென்று இருக்கும். பேட்டரியை மலையிலேயே வையுங்கள், சேலத்துத் தகரக் கொட்டகைக்கு இறக்க வேண்டாம்.

பூலாம்பட்டியில் படகு ஓட்டுகிறோம் ஐயா. கதவணை வேலைக்காகத் தண்ணீரைத் திறந்துவிட்டால் காவிரியின் எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குப் போக்குவரத்து நின்றுவிடும். பத்துப் பதினைந்து நாள்தானே, பேட்டரி படகிலேயே இருக்கட்டுமா?

இருக்கட்டும், முழு சார்ஜில் இருந்தால். ஆனால் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். விளக்கு, ஹார்ன், தண்ணீர் இறைக்கும் சின்ன மோட்டார் என்று எதிலோ ஒரு கசிவு இருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள்.

சிமெண்டு தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும், பலகை போடு என்கிறார் அப்பா. உண்மையா?

அவர் காலத்தில் உண்மைதான். அப்போது மரப்பெட்டி, ரப்பர் பெட்டி பேட்டரிகள். ஈரத்தில் அவை வழியே மின்சாரம் கசியும். இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரையால் ஒன்றும் ஆகாது.

கவனிக்க வேண்டியது மேல்பக்கம். மீட்டரின் ஒரு முனையை பாசிட்டிவ் டெர்மினலில் வைத்து, இன்னொரு முனையால் பிளாஸ்டிக் மூடி மேல் தொட்டுப் பாருங்கள். அழுக்கும் ஆசிட் ஈரமும் படிந்த பேட்டரியில் ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் கூடக் காட்டும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் இது சீக்கிரம் வரும். ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள், சோடா பேட்டரியின் உள்ளறைகளுக்குள் (செல்) இறங்கக் கூடாது. காய்ந்ததும் டெர்மினலில் வாஸ்லின் தடவுங்கள்.

சார்ஜரை மூன்று மாதமும் மாட்டியே விட்டால் வேலை மிச்சம்தானே?

எந்த சார்ஜர் என்பதைப் பொறுத்தது. நிரம்பியதும் தானாக 13.5 வோல்ட் பக்கம் குறைத்துக்கொள்ளும் சார்ஜர் என்றால் விடலாம். அப்போதும் மாதம் ஒரு முறை தண்ணீர் மட்டம் பாருங்கள். பழைய டிரான்ஸ்பார்மர் சார்ஜர் நிற்காமல் ஏற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீர் வற்றிப் பிளேட் வெளியே தெரியும். அதை ஒருபோதும் மாட்டிவிட்டுப் போகாதீர்கள்.

ஒன்று கட்டாயம்: ஜன்னலைத் திறந்து வையுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். பீடி, சாம்பிராணி எதுவும் பக்கத்தில் வேண்டாம். ஆசிட் கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடமாவது தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேன் தண்ணீர் ஊற்றலாமா?

கூடாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும். சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள், முன்னால் ஊற்றினால் பொங்கி வழியும். பிளேட் வெளியே தெரிந்தால் மட்டும், மூழ்கும் அளவுக்கு முதலில் கொஞ்சம் விட்டு சார்ஜ் போடுங்கள். ஆசிட் ஊற்றவே வேண்டாம்.

எங்களுடையது லித்தியம். அதையும் நிரப்பித்தான் வைக்க வேண்டுமா?

இல்லை, அதற்கு நேர்மாறு. பாதி, அல்லது பாதிக்குச் சற்று மேலே வைத்து வயரைக் கழற்றிவிடுங்கள். ஈய பேட்டரி சார்ஜரை அதில் மாட்டாதீர்கள்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 10.4 வோல்ட் காட்டுகிறது. காப்பாற்ற முடியுமா அண்ணா?

முயற்சி செய்யலாம். தண்ணீர் மட்டத்தைச் சரிபார்த்து, நான்கைந்து ஆம்பியரில் ஒரு நாள் முழுக்கப் பொறுமையாக ஏற்றுங்கள். அடிக்கடி பக்கவாட்டில் கை வைத்துப் பாருங்கள், கை பொறுக்காத சூடு என்றால் நிறுத்திவிடுங்கள். பிறகு ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை ஆறு செல்லிலும் விட்டு, மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எழுதுங்கள். ஐந்து செல் 1240 காட்டி ஒன்று மட்டும் 1150 என்றால் அந்த செல் போய்விட்டது. எல்லாம் சேர்ந்து ஏறினால் பிழைத்துக்கொள்ளும், ஆனால் பழைய தெம்பு இருக்காது. குளத்தின் நடுவரை போகாமல் கரையோரமாகவே ஓட்டிப் பாருங்கள்.

செத்தது உறுதி என்றால் ஷெட் மூலையில் போட்டு வைக்காதீர்கள். புதியது வாங்கும் கடையில் கொடுத்தால் ஈயத்துக்கு விலை கழிப்பார்கள்.