15 வயது காரை வாங்கலாமா?

கேள்வி: 2011 மாடல் வேகன்-ஆர் விலைக்கு வருகிறது. எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சோதனை) காட்டி ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டுமாம். வாங்கலாமா, அண்ணா? – வாசகி, கரூர்.

பதில்: சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 ஆண்டுதான் தங்கச்சி. ஆய்வில் தேறினால் இன்னும் 5 ஆண்டு ஓட்டலாம். என் பட்டறைக்கு எஃப்.சி. வேலைக்கு வரும் கார்களில் மங்கிய ஹெட்லைட், பிடிக்காத ஹேண்ட் பிரேக், பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்கும் கீழே தேய்ந்த டயர் சகஜம். இதெல்லாம் மாற்றிவிடலாம். எனக்குப் பயம் துருதான். லிஃப்டில் ஏற்றி, அடித்தளத்தையும் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களையும் மெக்கானிக் தட்டிப் பார்க்கட்டும். அங்கே புதிதாகக் கருப்புப் பெயின்ட் அடித்திருந்தால், உள்ளே துரு இருக்கிறதா என்று சுரண்டியே பார்க்கணும். அப்புறம், காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, வேண்டாம். எல்லாம் சரியென்றாலும், புதுப்பித்த ஆர்.சி. கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.