மூணையும் இழுக்காதீங்க தம்பி, ஒண்ண விடுங்க

தம்பி, பி.எஸ்சி மேத்ஸ் முடிச்சு சென்னை ரூமை காலி பண்ணிட்டு கோவில்பட்டி வந்துட்டேன், காலைல ஜெராக்ஸ் கடை, சாயங்காலம் டியூஷன், முகூர்த்த நாள்ல கேட்டரிங், அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 பரீட்சை புக்கைத் தொடவே முடியலன்னு எழுதியிருக்கீங்க. நானும் ராஜபாளையத்துல இதே மாதிரி ஒன்றரை வருஷம் ஓடினவன், அதான் சொல்றேன், மொதல்ல கேட்டரிங்கை விட்டுருங்க. அன்னைக்கு கைல வர்ற காசு பெருசா தெரியும், ஆனா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சாம்பார் வாளி கழுவிட்டு வந்து படுத்தா மறுநாளும் சேர்ந்து போயிடும், எனக்கு அப்டிதான் போச்சு.

டியூஷனை மட்டும் விடாதீங்க. ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் உள்ள ஸ்கூல் புக்குதான் குரூப் 4-க்கும் அடிப்படை, பசங்களுக்கு நடத்துறதே உங்களுக்கு ரிவிஷன். 200 கேள்வில 100 தமிழ், அந்த 100 கேள்விக்கு 150 மார்க், அதுல 60 வாங்கலன்னா மீதியைத் திருத்தவே மாட்டாங்க, மேத்ஸ் படிச்சவங்க தமிழ்தானேன்னு விட்டுடாதீங்க. மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸ்ல ஃப்ரீ கோச்சிங் நடத்துவாங்க, தூத்துக்குடில கேட்டுப் பாருங்க, அப்டியே டிகிரியையும் பதிஞ்சுருங்க, மூணு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும்.

அப்புறம் அப்பா பேசுறதே இல்லன்னு எழுதினது மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு. எங்கப்பாவும் பேசல, ஆனா நான் லேட்டா வர்ற நாள்லலாம் சோத்துச் சட்டிய தட்டு போட்டு மூடி மேல கல்லு வச்சிருக்கும், பூனை தள்ளிடக்கூடாதுன்னு. அம்மான்னு நெனச்சுட்டு இருந்தேன், அவர்தான் வச்சிருக்கார். மாசம் ஆயிரம்னாலும் அவர் கைல நீங்களே கொடுங்க, எந்த வேலைல எவ்ளோ வருதுன்னும் சொல்லிருங்க.