பழைய அலாய் வீலில் மறைந்திருந்த வெல்டிங்: விற்றவர் பொறுப்பாவாரா?

கேள்வி: விளம்பரம் பார்த்து, தனிநபர் ஒருவரிடம் நான்கு பழைய அலாய் வீல்களை டயரோடு ஒரே செட்டாக வாங்கினேன். "விரிசல் இல்லை, வெல்டிங் செய்ததும் இல்லை" என்று அவர் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். வேகமெடுத்தால் ஸ்டீயரிங் அதிர்கிறது. டயரைக் கழற்றியபோது ஒரு வீலின் உட்புறத்தில் பெயிண்டுக்கு அடியில் வெல்டிங் தெரிந்தது. இன்னொன்றின் வெளி விளிம்பு நெளிந்திருக்கிறது. "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அந்த இரண்டு வீல்களையும் சட்டம் ஒன்றாகப் பார்க்காது. இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டமும் (அங்கே 1979இல் புதிய சட்டம் அதன் இடத்துக்கு வந்தது), அதன் வழியில் இயற்றப்பட்ட இந்தியாவின் 1930ஆம் ஆண்டுச் சட்டம், மலேசியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் போன்றவையும், வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும் என்பதிலிருந்துதான் தொடங்குகின்றன. அத்தகைய பொருளை வணிகமாக விற்பவரிடம் வாங்கினால், அது விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எழுதப்படாமலே ஒப்பந்தத்தில் அடங்கும். ஆனால் வாங்குபவர் பொருளைச் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அந்த நிபந்தனை பொருந்தாது. உங்களுக்கு விற்றவர் வணிகர் அல்லர்; நெளிவைப் பற்றி அவர் எதுவும் சொல்லவுமில்லை. எனவே அந்த வீலை மட்டும் வைத்து வழக்காட நான் சொல்லமாட்டேன்.

வெல்டிங் விஷயம் வேறு. "வெல்டிங் செய்ததும் இல்லை" என்பது எழுத்தில் தந்த உறுதி. தெரிந்தே பொய் எழுதியிருந்தால் அது மோசடி. ஒப்பந்தத்தையே ரத்து செய்து, செட் முழுவதையும் திருப்பிக் கொடுத்து, விலையைத் திரும்பக் கேட்கலாம். அவருக்கே தெரியாமல் இருந்திருந்தாலும், அந்த உறுதியை நம்பி வாங்கிய உங்களுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு. டயருக்குள் மறைந்திருந்ததைப் "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்பது ஏற்கத்தக்க பதிலாகாது.

முதலில் அந்த வீலைக் காரிலிருந்து கழற்றிவிடுங்கள். வெல்டிங்கின் சூட்டில் அதைச் சுற்றியுள்ள அலுமினியக் கலவை வலுவிழக்கும். வழக்கைவிட உங்கள் உயிர் பெரிது. அதைச் சரிசெய்யவோ விற்கவோ வேண்டாம். புகைப்படம் எடுத்து, டயரைக் கழற்றியவரிடம் தாம் கண்டதைத் தேதியிட்டு எழுதி வாங்கி, குறுஞ்செய்தியைப் பத்திரப்படுத்தி, விற்றவருக்கு உடனே எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்புங்கள். குறை தெரிந்தபின்னும் பேசாமல் ஓட்டிக்கொண்டிருந்தால், பொருளை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும்.

இனி வாங்கும்போது டயர் இல்லாத வீலையே பாருங்கள். உட்புறச் சுவரில் விரலை ஓட்டினால், மீன் செதில் அடுக்கியதுபோன்ற மேடோ, கிரைண்டர் தேய்த்த தடமோ தட்டுப்படும். ஓரிடத்தில் மட்டும் பெயிண்ட் புதிதாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். விரிசல் பெரும்பாலும் உள் விளிம்பில்தான் தொடங்கும். பிறகு பேலன்சிங் இயந்திரத்தில் மாட்டி, அசையாத ஒரு முனையை விளிம்பருகே நிறுத்திச் சுழற்றுங்கள்; இடைவெளி கூடிக் குறைந்தால் வீல் கோணியிருக்கிறது. போல்ட் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் வாங்கவே வேண்டாம். வெல்டிங், நெளிவெடுத்தல், விபத்து ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, பணம் கொடுக்கும் முன்பே விற்பவரிடம் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.