மொட்டைக் கத்தியும் கல்லும்: கேட்டவர்களுக்குப் பதில்

திருகோணமலையில் மீன் வெட்டிக் கொடுத்தே எனக்கு இருபது வருசம் போய்விட்டது. கத்தி தீட்டுவதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னேன், நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

உப்புவெளி அக்கா ஒருவர்: குசினிக் கத்தி தக்காளியை நசுக்குகிறது. பீங்கான் கப்பின் அடியில் தேய்த்தால் ஒரு நாள்தான் தாங்குகிறது. என்ன கல் வாங்கலாம்?

கப் அடி பிழையில்லை அக்கா, அவசரத்துக்கு நானும் தேய்ப்பேன். ஆனால் அது கத்தி வாயின், அதாவது வெட்டுகிற ஓரத்தின், விளிம்பை மட்டும்தான் தொடும். பல மாதம் மழுங்கிய கத்திக்கு வாய்க்கு மேலே உள்ள தடிப்பும் குறைய வேண்டும். ஒரு பக்கம் 400, மறு பக்கம் 1000 என்று எண் போட்ட இரட்டைக் கல் ஒன்று போதும். எண் கூடக் கூடக் கல்லின் சொரசொரப்புக் குறையும். பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப் போட்டு, கீழே ஈரத்துணி விரித்து வையுங்கள், வழுக்காது. 6000 கல் வாங்கச் சொல்லி யாரும் ஆசை காட்டினால் இப்போதைக்கு வேண்டாம்.

தம்பி ஒருவர்: அண்ணை, கத்தியைக் கல்லில் சாய்த்துப் பிடிப்பது 15 பாகையா 20 பாகையா? கையால் பிடிக்கும்போது அது எப்படித் தெரியும்?

பாகைமானி தேவையில்லை தம்பி. கத்தியின் முதுகிலிருந்து வாய் வரை அகலத்தை அளவுகோலால் அளந்துகொள். கத்தியைக் கல்லில் கிடத்தி, அந்த அகலத்தில் கால் பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் ஏறக்குறைய 15 பாகை. மூன்றில் ஒரு பங்கு தூக்கினால் 20. பாதி தூக்கினால் 30. அகலம் 45 மில்லிமீற்றர் என்றால் 20 பாகைக்கு 15 மில்லிமீற்றர் உயரம். அந்தத் தடிப்பில் ஒரு மரத்துண்டைச் சீவி வைத்துக்கொண்டு, தொடங்கும்போதெல்லாம் முதுகுக்குக் கீழே வைத்துப் பார்.

இரண்டு பக்கமும் 20, சாதாரண வீட்டுக் கத்திக்கு அதுதான். மீனைத் தோல் உரித்துச் சதை எடுக்கிற மெல்லிய கத்திக்கு 15. என்னைக் கேட்டால், 18 ஆ 22 ஆ என்று தலையை உடைப்பதைவிட, பிடித்த சாய்வை ஆட்டாமல் வைத்திருப்பதுதான் வேலை. கை ஆடினால் வாய் உருண்டுவிடும்.

எப்போது நிறுத்துவது? ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறு பக்கத்தில் மெல்லிய பிசிர் எழும். பெருவிரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக, வாயை விட்டு வெளியே போகிற மாதிரி இழுத்தால் நகத்தில் தட்டுப்படும். அடியிலிருந்து நுனி வரை பிசிர் வந்தபிறகுதான் கத்தியைப் புரட்ட வேண்டும். கடைசியில் பாரம் கொடுக்காமல் நாலைந்து தரம் மாற்றி மாற்றி இழுத்து, பழைய தோல் பெல்ட்டில் உரசினால் பிசிர் உதிரும். பத்திரிகைத் தாளை வெட்டிப் பார். கிழிந்தால் இன்னும் பிசிர் இருக்கிறது.

கிண்ணியாவில் இறைச்சிக் கடை வைத்திருப்பவர்: கூராகத் தீட்டினால் எலும்பில் வாய் உடைகிறது.

நானா, ஒரே கத்தியால் சதையையும் எலும்பையும் வெட்டினால் அப்படித்தான். கொத்துக் கத்திக்குப் பக்கத்துக்கு 25 முதல் 30 வரை வையுங்கள். சதைக் கத்தியைத் தனியாக 20 இல் வையுங்கள். நீங்கள் உரசுகிற இரும்புக் கோல் மடிந்த வாயை நிமிர்த்தும், அவ்வளவுதான். போன கூர்மையைக் கல்தான் கொண்டுவரும்.

நிலாவெளி ஹோட்டலில் சமைப்பவர்: ஒரு பக்கம் மட்டும் சரிவான ஜப்பான் கத்தி ஒன்று கிடைத்தது. எப்படித் தீட்டுவது?

அதன் சரிவை அப்படியே கல்லில் படுக்க வைத்துத் தேயுங்கள், சாய்வை அதுவே காட்டும். பின்பக்கத்தைத் தூக்கவே கூடாது. தட்டையாக வைத்துப் பிசிர் போகுமளவுக்கு மட்டும்.

மின்சாரச் சாணையில் ஐந்து நிமிடத்தில் முடியுமே?

முடியும். நானும் ஒரு நல்ல சூரைக் கத்தியை அப்படித்தான் முடித்தேன். நுனியில் நீலம் பாரித்தது, பெரிதாக எடுக்கவில்லை. நீலம் வந்தால் அந்த இடம் சுமார் 300 பாகை செல்சியஸ் சூடு கண்டுவிட்டது, இரும்பின் உரம் போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு எவ்வளவு தீட்டியும் அந்த நுனி இரண்டு மீனுக்கு மேல் நிற்கவில்லை. சாணைதான் வழியென்றால் தொட்டுத் தொட்டு எடுத்து, ஒவ்வொரு தரமும் தண்ணீரில் நனையுங்கள்.

ஸ்டெயின்லெஸ் கத்தியிலும் துரு வருகிறதே?

வரும். கடற்கரை உப்புக்கு அதிலும் புள்ளி விழும். மீனோ தேசிக்காயோ வெட்டியதும் கழுவித் துடைத்து வையுங்கள். கறுப்பு இரும்புக் கத்தி என்றால் மேலே கொஞ்சம் தேங்காய் எண்ணெய்.

தம்பலகாமத்திலிருந்து: அறுவடை அரிவாளை இந்தக் கல்லில் தீட்டலாமா?

பல் வைத்த அரிவாள் என்றால் வேண்டாம், பல் தேய்ந்துவிடும். கொல்லரிடம் பல் வெட்டக் கொடுங்கள்.

உப்புவெளி அக்கா மறுபடியும்: கல் வாங்கிவிட்டேன். அரை மணி நேரம் தேய்த்தும் பிசிர் வரவில்லை.

வாயோரம் முழுக்க மாக்கர் பேனையால் பூசி, நாலு தரம் இழுத்துப் பாருங்கள் அக்கா. மை மேலே அழிந்து வாயின் விளிம்பில் மிச்சம் இருந்தால் கல் வாயைத் தொடவே இல்லை, முதுகை இன்னும் கொஞ்சம் தூக்குங்கள். 1000 பக்கத்தில் தொடங்கியிருந்தால் 400க்குப் புரட்டுங்கள்.